வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு: கொட்டேஷனுக்கு முன்பும் பின்பும்

ஸ்மார்ட் போர்டு வாங்க நினைக்கும் பள்ளிகள் பெரும்பாலும் மூன்று நான்கு கடைகளில் கொட்டேஷன் வாங்கி, அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் தொடங்குகின்றன. எல்லாத் தாளும் ஒன்றுபோலவே இருக்கும்: 75 அங்குலம், 4கே, 20 அல்லது 40 தொடுபுள்ளி, ஆண்ட்ராய்டு, மூன்று வருட வாரண்டி. விலையில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும் என்பதால் குறைந்த விலைக்கு ஆர்டர் போய்விடும். ஆனால் தாளில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பலகைகளில், ஒன்றில் எழுதினால் பேனாவோடு எழுத்தும் வரும். இன்னொன்றில் பேனா போன பிறகு எழுத்து பின்னால் ஓடி வரும். இதெல்லாம் தாளில் எழுதியிருக்காது. உங்கள் அறையில் வைத்து, பாடம் நடத்துகிறவரின் கையால் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலைகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தனியார் பள்ளி, டியூஷன் சென்டர், சின்ன அலுவலகம் என்று முதல் முறையாக வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளிகளுக்குக் கொள்முதல் வழி வேறு. ஆனால் பலகை வந்து இறங்கிய பிறகு பார்க்க வேண்டியவை அங்கேயும் இவைதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த பழைய வகை ஸ்மார்ட் போர்டு, புரொஜெக்டர் வெளிச்சம் விழும் ஒரு வெள்ளைப் பலகை. இப்போது கடைகளில் ‘பேனல்’ என்று சொல்லி விற்பது, பெரிய எல்இடி திரைக்கு மேல் தொடுகண்ணாடி வைத்தது. யாராவது பாதி விலைக்குப் பழைய ஸ்மார்ட் போர்டு தருவதாகச் சொன்னால், இரண்டில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வகைக்கு புரொஜெக்டர் லேம்ப் மாற்றியே ஓய்ந்துபோவீர்கள்.

தொடுதிரை வேண்டுமா, பெரிய திரை போதுமா?

இந்தக் கேள்வியை விற்பவர் கேட்க மாட்டார். நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். அலுவலக மீட்டிங் அறைகளில் பாதிக்கு மேல் நடப்பது ஒருவர் லேப்டாப்பை மாட்டி ஸ்லைடு காட்டுவதும், எதிரே இருப்பவர்கள் பார்ப்பதும்தான். யாரும் எழுந்து போய்த் திரையில் எழுதுவதில்லை. அந்த அறைக்கு நல்ல 75 அங்குல 4கே திரையும் ஒரு வீடியோ கான்பரன்ஸ் கேமராவும் போதும், செலவும் குறையும். வீட்டு உபயோக டிவியை வாங்கும்போது ஒன்று கவனியுங்கள்: அலுவலகம், பள்ளி போன்ற இடங்களில் பயன்படுத்தினால் சில நிறுவனங்களின் வாரண்டி செல்லாது. வாரண்டி அட்டையின் சின்ன எழுத்துகளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வகுப்பறையில் நிலைமை வேறு. ஆசிரியர் எழுதாமல் பாடம் நடத்த முடியாது. படத்தின் மேல் அம்புக்குறி போட வேண்டும், கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்ட வேண்டும், பிள்ளைகளைக் கூப்பிட்டு எழுத வைக்க வேண்டும். அங்கே தொடுதிரை வாங்குவது வீணில்லை. ஆனால் பாடம் முழுக்க வீடியோ ஓட்டுவதுதான் திட்டம் என்றால், வகுப்பறைக்கும் டிவியே போதும் என்பது என் கருத்து.

டேப்போடு அறைக்குள் போங்கள்

பலகை மாட்டப்போகும் சுவரிலிருந்து கடைசி பெஞ்சில் உட்காரும் பிள்ளையின் முகம் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரையின் அளவை முடிவுசெய்வது அந்த எண்தான்.

படக்காட்சித் துறையில் உள்ளவர்கள் வழக்கமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரை இருப்பவர்கள் சாதாரண எழுத்தைச் சிரமமில்லாமல் படிக்கலாம். எக்செல் அட்டவணை, வரைபடம் போன்ற நுணுக்கமானவை என்றால் நான்கு மடங்கு. சும்மா வீடியோ பார்க்க எட்டு மடங்கு. கடைக்காரர் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை குறுக்களவு. உயரம் அதில் பாதியை விடக் கொஞ்சம் குறைவு.

65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 81 செ.மீ.; ஆறு மடங்கு என்றால் 16 அடி வரை. 75 அங்குலம் 93 செ.மீ.; 18 அடி. 86 அங்குலம் 107 செ.மீ.; 21 அடி. 20 அடிக்கு 20 அடி வகுப்பறையில் கடைசி பெஞ்சு சுமார் 17, 18 அடியில் வரும். அதற்கு 75 சரியாக இருக்கும். 25 அடி நீள அறைக்கு 75 வாங்கினால் கடைசி இரண்டு வரிசைக்கு அது டிவி மட்டும்தான். எழுத்து போய்ச் சேராது. 65 அங்குலத்தை ஏழெட்டுப் பேர் உட்காரும் மீட்டிங் அறைக்கும் சின்ன டியூஷன் அறைக்கும் மட்டும் யோசியுங்கள்.

கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் சார்ட் தாளைத் திரையின் அளவுக்கு ஒட்டி, அதே சுவரில் மாட்டுங்கள். ஆசிரியரை அதில் அவர் வழக்கமாக எழுதும் அளவில் எழுதச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள். முன்வரிசைத் தலைகள் எவ்வளவு மறைக்கின்றன என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

மாட்டும் உயரத்தில் ஓர் இழுபறி உண்டு. உயர்த்தினால் கடைசி பெஞ்சுக்கு நல்லது. சின்னப் பிள்ளைகளுக்குக் கை எட்டாது. 75 அங்குலத் திரையின் கீழ் விளிம்பைத் தரையிலிருந்து மூன்றடியில் வைத்தால் மேல் விளிம்பு ஆறடியில் வரும். பெரிய வகுப்புகளுக்கும் ஆசிரியர்களுக்கும் இது வசதி. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்பாதிதான் எட்டும். அவர்களுக்காக அரையடி இறக்கலாம். 86 அங்குலத்தின் மேல் மூலை, உயரம் குறைவான ஆசிரியருக்கு எட்டாமல் போகும். பல பலகைகளில் திரையில் இருப்பதை அப்படியே பாதிக்கு இறக்கும் பொத்தான் இருக்கும். டெமோவில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து வெளிச்சம். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டாம். திரைக்கு நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் அதன் கோடு திரையின் குறுக்கே விழும். ஒரு பக்கத்து பெஞ்சுகளுக்கு நாள் முழுக்க அந்தத் தொல்லை. கண்ணாடியில் கூச்சம் தடுக்கும் பூச்சு இருந்தாலும் ஓரளவுக்குத்தான் உதவும். 400 நிட்ஸ் வெளிச்சம் சாதாரண வகுப்பறைக்குப் போதும்.

சுவரைத் தட்டிப் பாருங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் கவலையில்லை. 75 அங்குலப் பலகை சுமார் 50 கிலோவும் 86 அங்குலம் அதற்கு மேலும் கனக்கும். ஜிப்சம் போர்டு தடுப்பில் நேரடியாக மாட்டவே கூடாது. பின்னால் இரும்புச் சட்டமோ ப்ளைவுட் தாங்கலோ வேண்டும். எடை குறைந்த ஏஏசி பிளாக் சுவருக்கு அதற்கென்றே உள்ள ஆங்கர் போட வேண்டும். ‘சக்கர ஸ்டாண்டு வாங்கினால் நான்கு வகுப்புக்கும் தள்ளிக்கொண்டு போகலாமே’ என்று தோன்றும். வாசல்படி இருக்கும் பள்ளிகளில் அது முதல் மாதத்தோடு நின்றுவிடும். வாங்குவதாக இருந்தால் சக்கரத்தில் பூட்டு இருக்கட்டும்.

தொடுதலை எப்படி உணர்கிறது?

சந்தையில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. விலை குறைந்தவையும் நடுத்தரமானவையும் பெரும்பாலும் இன்ஃப்ராரெட் வகை. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தில் ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும் சின்ன விளக்குகளும், எதிர்ப்பக்கம் அதை வாங்கும் உணரிகளும் வரிசையாக இருக்கும். கண்ணாடிக்குச் சற்று மேலே இந்த ஒளி ஒரு வலைபோலப் பரவியிருக்கும். விரல் குறுக்கே வந்ததும் எந்தக் கோடு அறுந்தது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே விரல், பேனா, பென்சில், ஸ்கேல் எது வைத்தாலும் எழுதும். அதுதான் வசதி.

தொல்லையும் அதுவேதான். ஒளியை மறைப்பது எதுவானாலும் அதற்குத் தொடுதல்தான். ஆசிரியை திரையின் கீழ்ப்பகுதியில் எழுதும்போது முந்தானை பட்டால் அங்கே ஒரு கோடு விழும். துப்பட்டாவும் முழுக்கைச் சட்டையின் கஃப்பும் அப்படியே. மாலை டியூஷனில் ஈசல் வந்து உட்கார்ந்தால் பக்கம் தானாகத் திரும்பும். இதையெல்லாம் விட மோசமானது சாக்பீஸ் தூள். பக்கத்தில் கரும்பலகை இருந்தால் தூள் வந்து கீழ்ச் சட்டத்தில் படிந்து ஒளியை மறைக்கும். யாரும் தொடாமலே திரையில் புள்ளிகள் விழத் தொடங்கும். ‘டச் கெட்டுப்போச்சு’ என்று வரும் புகார்களில் கணிசமானவை ஒரு காய்ந்த துணியால் சட்டத்தின் உள்விளிம்பைத் துடைத்தால் சரியாகிவிடும். பேனல் வைக்கும் அறையில் பழைய கரும்பலகையை எடுக்க வேண்டாம்; மின்சாரம் போனால் அதுதான் கை கொடுக்கும். ஆனால் தூள் வராமலிருக்க அதை மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகையாக மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று பிகேப் எனப்படும் வகை. நம் மொபைல் போனின் திரை வேலை செய்யும் அதே முறை. சட்டம் துருத்திக்கொண்டு இருக்காது, முந்தானையும் தூளும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது, எழுத்து நுணுக்கமாக வரும். விலை கூடுதல். சாதாரணக் குச்சியால் எழுத முடியாது; அதற்கேற்ற பேனாவோ வெறும் விரலோ வேண்டும். முக்கிய ஆலோசனைக் கூடத்துக்குச் சரி. பத்து வகுப்பறைக்கு வாங்கும் பள்ளிக்கு நல்ல இன்ஃப்ராரெட் பலகையே போதும்.

தொடுபுள்ளி எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 40 தொடுபுள்ளி என்றால் நாற்பது விரல். அந்தத் திரைக்கு முன்னால் நிற்கக்கூடியவர்கள் மூன்று பேர். இருவர் ஒரே சமயத்தில் இரண்டு நிறத்தில் எழுத முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

இதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. இடைவெளி அதிகமானால் பேனாவின் நுனி ஓரிடத்திலும் கோடு வேறோர் இடத்திலும் தெரியும். பக்கவாட்டில் நின்று எழுதும் ஆசிரியருக்கு இது எரிச்சல். இடைவெளியைக் குறைத்தவற்றை ‘ஜீரோ பாண்டிங்’ என்றும், பசையால் இடைவெளியே இல்லாமல் ஒட்டியவற்றை ‘ஆப்டிகல் பாண்டிங்’ என்றும் சொல்வார்கள். முதலாவதே வகுப்பறைக்குப் போதுமானது.

எழுதிப் பாருங்கள், அதுவும் தமிழில்

டெமோவுக்கு வருபவர் அவரே எழுதிக் காட்டுவார். பெரிதாக ஒரு வட்டம், ஒரு கையெழுத்து, உள்ளங்கையால் ஓர் அழிப்பு. எல்லாப் பலகையிலும் அது அழகாகத்தான் இருக்கும். பேனாவைக் கேட்டு வாங்கி, தினமும் பாடம் நடத்துகிற ஆசிரியரிடம் கொடுங்கள். கடையில் அல்லாமல் உங்கள் அறையிலேயே டெமோ கேளுங்கள். ஒன்றிரண்டுக்கு மேல் வாங்குகிறீர்கள் என்றால் கொண்டுவருவார்கள்.

தமிழ் எழுத்து இந்தச் சோதனைக்கு மிகவும் பொருத்தம், ஏனென்றால் வளைவும் சுழியும் புள்ளியும் நிறைந்தது. ‘கண்ணன் இஞ்சி தின்றான்’ என்று வழக்கமான வேகத்தில், இரண்டு விரல் உயரத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘ண’வின் சுழிகள் சுழியாக வருகின்றனவா, அல்லது கோணல் கோணலாக முறிந்து தெரிகின்றனவா? முறிந்தால் பலகை கையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ‘ண்’, ‘ன்’ மேல் புள்ளி வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும்போது கவனியுங்கள். மட்டமான இன்ஃப்ராரெட் பலகையில், பேனாவை நன்றாகத் தூக்காவிட்டால் புள்ளியிலிருந்து அடுத்த எழுத்துக்கு ஒரு வால் நீளும். கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே ஒளி அறுந்துவிடுவதுதான் காரணம். இந்த வால் விழும் பலகையில் நாள் முழுக்க எழுதும் ஆசிரியர், ஒரு மாதத்தில் மார்க்கரைத் தேடிப் போய்விடுவார்.

அப்புறம் ஒரு ஸ்கேலை வைத்து மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக மெதுவாக ஒரு கோடு. கோடு அலை அலையாக வந்தால் உணரிகள் நெருக்கமாக இல்லை. நான்கு விளிம்பையும் ஒட்டிச் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டுப் பாருங்கள்; ஓரங்களில் பிசகும் பலகைகள் உண்டு. இருவர் அருகருகே நின்று எழுதட்டும். முழுக்கைச் சட்டையோடு ஒருவர் கீழே எழுதட்டும். ஒரு பக்கம் நிறைய எழுதிய பின் படம், பிடிஎஃப், இன்னும் ஐந்தாறு பக்கங்கள் என்று சேர்த்துவிட்டு மறுபடி எழுதிப் பாருங்கள். காலிப் பக்கத்தில் ஓடுகிற பல பலகைகள் இந்த இடத்தில்தான் மூச்சு வாங்கும்.

இந்தச் சோதனையைப் பலகையின் சொந்த வெள்ளைப்பலகைச் செயலியில் ஒருமுறையும், லேப்டாப்பை மாட்டி பவர்பாயின்ட் மேல் எழுதி ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டிலும் வேகம் ஒன்றாக இருக்காது.

உள்ளே இருக்கும் கணினி

பேனலுக்குள் ஓர் ஆண்ட்ராய்டு இருக்கும். வெள்ளைப்பலகை, பிரவுசர், பென்டிரைவைத் திறப்பது, போனிலிருந்து திரைக்கு அனுப்புவது போன்றவற்றுக்கு அது போதும். ரேம் 8 ஜிபி இருந்தால் நல்லது. 4 ஜிபிக்குக் கீழே வேண்டாம்.

இங்கே கேட்க வேண்டிய ஒரே முக்கியக் கேள்வி, ‘இடிஎல்ஏ சான்று உண்டா?’ என்பது. பெரிய திரைகளில் கூகுள் சேவைகளை முறையாக வைத்துத் தர கூகுள் கொடுக்கும் உரிமம் அது. இருந்தால் பிளே ஸ்டோர், டிரைவ், கிளாஸ்ரூம் எல்லாம் போனில் இருப்பதுபோலவே வேலை செய்யும். இல்லாத பலகையில் செயலிகளை வேறெங்கிருந்தோ இறக்கி நிறுவ வேண்டியிருக்கும். சில பலகைகளில் கூகுள் கணக்கில் நுழையவே முடியாது. பள்ளிக் கல்வித் துறை 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியைப் பயன்படுத்தும் மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால், டெமோவிலேயே அதை நிறுவச் சொல்லி ஒரு பாடத்தை ஓட்டிப் பாருங்கள்.

விண்டோஸ் வேண்டுமானால் இரண்டு வழி. லேப்டாப்பையோ மினி பிசியையோ வெளியிலிருந்து மாட்டலாம். அல்லது ஓபிஎஸ் எனப்படும் செருகு கணினியை வாங்கலாம். பலகையின் பக்கவாட்டில் உள்ள பொந்தில் தள்ளினால் போதும், கேபிள் தொங்காது. இன்டெல் வகுத்த பொது வடிவம் என்பதால் ஒரு நிறுவனத்தின் ஓபிஎஸ் பெரும்பாலும் இன்னொன்றிலும் பொருந்தும். சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனிச் செருகி வைத்திருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓபிஎஸ் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கொட்டேஷனில் ‘ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி’ என்று மட்டும் இருக்கும். ஐ5 புராசசர் எத்தனையாவது தலைமுறை என்று இருக்காது. நான்காம் தலைமுறையும் ஐ5தான், பன்னிரண்டாம் தலைமுறையும் ஐ5தான். விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தலைமுறை எண்ணையும் ஒரிஜினல் விண்டோஸ் உரிமத்தையும் கொட்டேஷனில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பழைய கேள்வித்தாள்களையும் மறக்க வேண்டாம். பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த கோப்பை பலகையின் ஆண்ட்ராய்டில் திறந்தால் தமிழ் வராது. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குவியும். பலகையில் கோளாறு இல்லை, அந்த எழுத்துரு அதில் இல்லை. பழைய கோப்புகளை அலுவலகக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவாருங்கள். புதியவற்றை யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள். கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதியை விற்பவர் ஆங்கிலத்தில் காட்டுவார். தமிழில் கேட்டால் பல பலகைகளின் சொந்தச் செயலி கைவிரித்துவிடும். ஆனால் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையை நிறுவினால் தமிழ்க் கையெழுத்தை அடையாளம் காணும்.

வெள்ளைப்பலகை மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா உண்டா என்றும் கேளுங்கள். முதல் வருடம் இலவசமாகத் தந்து, இரண்டாம் வருடம் பில் அனுப்புவது சகஜம்.

இரண்டு கேபிள்

புதிதாக வாங்கியவர்கள் முதல் வாரத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் படமும் சத்தமும் வரும். திரையைத் தொட்டால் லேப்டாப்பில் ஒன்றும் நடக்காது. எச்டிஎம்ஐ வழியாகத் தொடுதல் போகாது. பலகையில் ‘டச்’ என்று எழுதியிருக்கும் யுஎஸ்பி துளையிலிருந்து லேப்டாப்புக்குத் தனியாக இன்னொரு கேபிள் வேண்டும். அந்தத் துளை பிரிண்டரில் இருக்குமே, சதுரமாக, அந்த மாதிரி இருக்கும். எச்டிஎம்ஐ 1க்கு ஒரு டச், எச்டிஎம்ஐ 2க்கு இன்னொரு டச் என்று ஜோடி உண்டு. மாற்றிச் செருகினாலும் வேலை செய்யாது.

டைப்-சி துளை உள்ள பலகையும் அதற்கு ஒத்துப்போகும் லேப்டாப்பும் இருந்தால் ஒரே கேபிளில் படம், சத்தம், தொடுதல், சார்ஜ் நான்கும் நடக்கும். லேப்டாப்பின் எல்லா டைப்-சி துளையும் படத்தை அனுப்பாது என்பதால் உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோய்ப் பாருங்கள்.

ஆசிரியர் மேசை பலகையிலிருந்து தள்ளி இருந்தால் கேபிளின் நீளம் பிரச்சினை ஆகும். சாதாரண யுஎஸ்பி கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் நம்பகமில்லை. 4கே படத்துக்கு எச்டிஎம்ஐயும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுவரைக் கொத்திப் பதிக்கும் முன்பு, அதே கேபிளைத் தரையில் போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்கள்.

மீட்டிங் அறையில் வயர்லெஸ்ஸாக அனுப்புவதுதான் எல்லாருக்கும் பிடிக்கும். விருந்தினருக்கென்று தனி வைஃபை வைத்திருக்கும் அலுவலகங்களில், ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே வந்தவரின் போனிலிருந்து திரைக்கு எதுவும் போகாது. வாங்குவதற்கு முன்பே உங்கள் நெட்வொர்க் பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வரி. நாற்பது பிள்ளைகள், நான்கு மின்விசிறி ஓடும் அறையில் பலகையின் சொந்த ஸ்பீக்கர் பாதி வகுப்புக்குத்தான் கேட்கும். விசிறியைப் போட்டுவிட்டு டெமோ பாருங்கள்.

மின்சாரம்

தனிப் பிளக், நல்ல எர்த்து. இந்த இரண்டிலும் சமாதானம் வேண்டாம். எர்த்து சரியில்லாத கட்டடத்தில் சட்டத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதோடு தொடுதலும் தாறுமாறாகும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர் என்றால் யுபிஎஸ் வழியாகக் கொடுங்கள். பலகையின் பின்னால் உள்ள தகட்டில் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும்; ஓபிஎஸ்ஸையும் சேர்த்து அதற்குமேல் தாங்குகிற யுபிஎஸ் எடுங்கள். 75 அங்குலத்துக்கு 1 கேவிஏ பெரும்பாலும் போதும். அதே தகட்டில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

‘50,000 மணி நேர ஆயுள்’ என்பதை வைத்து ஒன்றையும் முடிவுசெய்யாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்துக்கு 220 நாள் என்றால் அந்தக் கணக்கு 37 வருடத்துக்கு மேல் போகும். அதற்கு வெகு முன்பே ஆண்ட்ராய்டு பழசாகியிருக்கும், பவர் போர்டு ஒருமுறையாவது போயிருக்கும்.

இப்போது கொட்டேஷன்

பழைய கொட்டேஷனோடு ஒப்பிட வேண்டாம். 2025 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில், முழுதாக இறக்குமதியாகும் தொடுதிரைப் பலகைகளின் அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது; உள்ளே வைக்கும் ஓப்பன் செல் எனப்படும் வெறும் திரை போன்ற உதிரிகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுவது லாபம் என்று ஆகிவிட்டது. ‘இந்தியத் தயாரிப்பு’ என்று சொன்னால் எங்கே பூட்டப்பட்டது, உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று மட்டும் விசாரியுங்கள்.

சுவர் மவுண்ட், பேனா, கேபிள், பொருத்துக் கூலி, பயிற்சி, ஜிஎஸ்டி, ஏற்றிறக்கு கூலி எல்லாம் உட்பட்ட விலையா என்று வரிவரியாகக் கேளுங்கள். வாரண்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது வருட எண்ணிக்கையை விட, ஆள் உங்கள் இடத்துக்கு வருவாரா என்பது. அறுபது எழுபது கிலோ கனமுள்ள பொருளைச் சென்னைக்கு அனுப்பச் சொன்னால் அது வாரண்டியே இல்லை. தொடுசட்டம், பேனா, ஓபிஎஸ் மூன்றுக்கும் வாரண்டி தனித்தனியாக இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் இதே மாடலை இரண்டு வருடமாக வைத்திருக்கும் ஒரு பள்ளியின் பெயரைக் கேளுங்கள். அங்கே போய் தலைமையாசிரியரை விட்டுவிட்டு, கணக்கு வாத்தியாரிடம் பேசுங்கள்.

பல அறைகளுக்கு வாங்கும் திட்டம் இருந்தால் முதலில் ஒன்றே ஒன்று. ஒரு பருவம் ஓடட்டும். விற்பவர் மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்பார். அடுத்த பருவத்திலும் அந்தத் தள்ளுபடி இருக்கும்.

இறங்கும் நாளில்

86 அங்குலப் பலகை ஆறடிக்கு மேல் நீளம். பெட்டியோடு இன்னும் கூடும். மாடிப்படித் திருப்பத்தில் திரும்புமா, லிஃப்டில் நிற்குமா என்று முதல் நாளே அளந்து வையுங்கள். பெட்டி எப்போதும் நின்றவாறே வர வேண்டும்; வண்டியில் படுக்கப்போட்டு வந்தால் கையெழுத்துப் போடும் முன் அதைக் குறித்து, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டி முடித்ததும் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகத் திரை முழுக்கப் போட்டு, அணைந்த புள்ளியோ ஓரத்தில் வெளிச்சக் கசிவோ உண்டா என்று பாருங்கள். முன்பு டெமோவில் எழுதிய அதே வரிகளை இதிலும் எழுதச் சொல்லுங்கள். டெமோவுக்கு ஒரு மாடலும் டெலிவரிக்கு ஒரு மாடலும் வருவது நடக்காத விஷயம் அல்ல. பின்தகட்டில் உள்ள மாடல் எண்ணை பில்லோடு ஒப்பிட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. பலகைக்குப் பள்ளியின் பெயரில் ஒரு பொதுக் கூகுள் கணக்கு போடுங்கள். ஆசிரியரின் சொந்தக் கணக்கோ வாட்ஸ்அப் வெப்போ திறந்தே இருந்தால், நடுப்பாடத்தில் குடும்பக் குழுவின் செய்தி 75 அங்குலத்தில் வந்து நிற்கும். திரைப்பூட்டுக்கு எண் வையுங்கள். மார்க்கர் பேனாக்களைப் பலகைக்கு அருகில் வைக்காதீர்கள். யாராவது ஒருவர் கண்ணாடியில் எழுதியே தீருவார். துடைக்க மைக்ரோஃபைபர் துணி. கறை இருந்தால் பலகையை அணைத்துவிட்டு, துணியில் லேசாகத் தண்ணீர் தொட்டுத் துடைக்கலாம். திரைமேல் நேரடியாகத் தெளிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலையில் சட்டத்தின் உள்விளிம்பை ஒருமுறை துடைக்கும் வேலையை யாருக்காவது பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.